மலைப்பாதையில் ஒரு பிடி தழை

மலைக்கு வாடகை ஜீப் ஓட்டுகிறவருக்கு மலையைப் பார்க்க நேரம் இருக்காது; மலை பார்க்க வந்தவருக்கோ மலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருக்கும். வண்டி வைத்துப் பிழைத்தவர்கள், கடை வைத்தவர்கள், ஏதாவது ஒரு கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பொதுமக்களுக்குப் பதில் சொன்னவர்கள், நீங்கள் எல்லோரும் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். நாமெல்லாம் ஒரே அடி வாங்கியவர்கள்.

கள்ளக்குறிச்சியில் கிளம்பி கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதற்கப்புறம் கல்வராயன் மலையில் வளைந்து வளைந்து ஏறிக் கரியாலூர், வெள்ளிமலை. இந்தப் பாதையில் பல வருஷம் ஓட்டினேன். என் கணவர் பட்டறை வைத்திருந்தார். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பைப் பிரித்துப் பூட்டி, எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, மாரடைப்பில் போய்விட்டார். கல்லூரியில் நான் படித்தது தமிழ் இலக்கியம். அதில் மலைக்கென்று ஒரு திணையே உண்டு. ஏற்றத்தில் எந்த இடத்தில் முதல் கியருக்கு இறங்க வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரம் வெட்டிப் போட்ட வருஷங்கள் அவை. வயதானால் கோபம் ஆறிவிடும் என்று சொன்னார்கள். ஆறவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

டிரைவர் எங்கே?

சேலத்து ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு ரயிலில் சின்னசேலம் வந்து இறங்கினார். பாய், தூக்குச் சட்டி, தண்ணீர்ப் பானை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு முன்சீட்டில் சாய்ந்துகொண்டார். "டிரைவரைக் கூப்பிடுங்கம்மா, வெயில் ஏறுது" என்றார். நான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் இறங்கிவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். அங்கேயாவது ஒரு ஆண்பிள்ளை இருப்பான் என்ற நம்பிக்கை போலும்.

மனைவியோடு தனியாகப் பேசிவிட்டுத் திரும்பி வந்து ஏறினார். அப்புறம் மலை முடியும்வரை என் வண்டியை அவர்தான் ஓட்டினார். "ஆரன் அடிங்க", "ஓரமாப் போங்க", "அங்க பாருங்க பள்ளம்". ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை மிதிப்பார், அங்கே பிரேக் இருப்பது போல. எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. பாதி மலையில் அவருக்கு வயிறு புரட்டிவிட்டது. ஓடைப் பக்கம் நிறுத்தி முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். துடைத்துக்கொண்டு, "பொம்பளை ஓட்டுனா இப்பிடித்தான்" என்றார். பின்சீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிராமலே சொன்னார்: "இந்தம்மா ஓட்டறப்போ நீங்க ஒருத்தர்தான் வாந்தி எடுக்கறீங்க. நீங்க ஓட்டுனா நாங்க அத்தனை பேரும் எடுக்கறோம். பேசாம உக்காருங்க."

சத்தம் போடும் அருவி

பெரியார் அருவி பாதையை ஒட்டியே விழுகிறது. தூரத்தில் அது யாரோ நெல் புடைக்கிற சத்தம். வளைவு திரும்பினால் ஒரு கூட்டம் கைதட்டுகிற சத்தம். கிட்டே போய்விட்டால் சத்தம் என்றே சொல்ல முடியாது. நம் நெஞ்சுக்குள்ளேயே எதுவோ ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும். கணவர் போன வருஷத்தில், ஆட்களை இறக்கிவிட்டு அந்தச் சத்தத்துக்குள் போய் நின்றுகொள்வேன். அழுதால் யாருக்கும் கேட்காது.

ஒரு முறை கான்டிராக்டர் ஒருவர் சிநேகிதர்களோடு வந்தார். பெரிய டேப் ரிக்கார்டர், பெட்டி நிறையப் பாட்டில்கள். குடித்த பாட்டிலைப் பாறையில் எறிந்து உடைப்பதில் போட்டி. கீழே மலைக்காரப் பெண்கள் செருப்பில்லாத காலோடு இறங்கித் தண்ணீர் மொள்ளும் இடம் அது. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினேன். வாயில் வந்ததைச் சொல்லியும் திட்டினேன். அருவி அதை விழுங்கிவிட்டது. கான்டிராக்டர் என் உதடு அசைவதைப் பார்த்து, நான் ஏதோ உதவி செய்யத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கிட்டே வந்து காதில் கத்தினார்: "இங்க சத்தம் ரொம்ப ஜாஸ்திங்க, பாட்டே கேக்கலை. கம்மியா சத்தம் போடற அருவி வேற எங்கியாச்சும் இருக்குதுங்களா?"

தழை

மலைக்காரர்கள் வண்டியைக் கை காட்டி நிறுத்தமாட்டார்கள். பேருந்து வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. கீழே போக வேண்டியவர் பாதை நடுவில் ஒரு பிடி பச்சைத் தழையை வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கூழாங்கல்லையும் வைத்துவிட்டு, ஓரமாகப் போய் மரத்தடியில் நிற்பார். தழையைப் பார்த்தால் நாம் நிறுத்த வேண்டும். இடம் இருந்தால் ஏற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இறங்கித் தழையை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மிதித்துக்கொண்டு போகக் கூடாது. அந்தப் பாதையில் ஓட்டிய எல்லோருக்கும் இது தெரியும்.

கரியாலூருக்குக் கீழே ஒரு வளைவில் அடிக்கடி தழை வைப்பவர் சடையன். அவரும் அவர் மனைவி உண்ணாமலையும் சந்தைக்குப் பலாப்பழமும் கடுக்காயும் கொண்டுபோவார்கள். ஒருநாள் கள்ளக்குறிச்சி வக்கீல் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். மலை இறங்கும்போது தழையைப் பார்த்து நிறுத்தினேன். வக்கீலின் மனைவி பலாப்பழ வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டார். வக்கீல் மட்டும் பரவசமாகிவிட்டார். "ஆகா, என்ன ஒரு பண்பாடு!" என்று கேமராவோடு குதித்து இறங்கி, சடையனைத் தழையை எடுத்து மறுபடி வைக்கச் சொன்னார். வெயில் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். பிறகு பண்பாட்டைப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் குந்தவைக்கச் சொல்லிவிட்டு, தான் முன்னால் உட்கார்ந்தார்.

வழியில், "வாய் இருக்கு, கை இருக்கு, நிறுத்துன்னு காட்டறதுக்கு இன்னாவாம்?" என்று என்னைக் கேட்டார். நான் திரும்பாமல், சடையனையே கேளுங்கள் என்றேன். அந்த மலையில் ஒரு காலத்தில் வண்டியில் வந்தவர்கள் எல்லோரும் ஜமீன் ஆட்கள், இல்லையென்றால் காட்டிலாகா ஆட்கள். அவர்கள் முன்னால் கை நீட்டிப் பழகாத ஜனம். சடையன் அதையெல்லாம் சொல்லவில்லை. "கை காட்டுனா நிறுத்துடான்னு சொல்ற மாதிரி ஆயிடுமுங்க. தழை போட்டா, நிறுத்துவீங்களான்னு கேக்கிற மாதிரி."

அருவி பார்க்கப் போகிறவர்கள்

போராட்டம் சூடு பிடித்தது. சாலையோரத்துப் புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. நிழல் கொடுத்த மரம் வெயிலில் கிடப்பதைப் பார்த்தால், பெரியவர் ஒருவரை நடுத்தெருவில் தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். எங்கள் ஜீப்காரர்கள் பல நிறங்களில் கொடி வாங்கி முன்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் மாற்றிக் கட்டுவார்கள். நான் கட்டவில்லை. வீரம் ஒன்றும் இல்லை, என் ஜீப்பில் முன்பெட்டிக்கு மூடி கிடையாது.

ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும் அந்த நேரத்திலும் அருவி பார்த்தே தீர வேண்டும் என்று வந்தார்கள். மறியல்காரர்கள் நிறுத்திய இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: "இன்னா ஆளுங்க நீங்க?" நிறுத்திய இடத்தில் எல்லாம் அதிகாரி அந்த இடத்துக்கு ஏற்ற ஆளாக மாறினார். கடைசியில் அவருக்கே குழம்பிப்போய், "இங்க நான் யாரு?" என்று கேட்க, மனைவி காதோடு சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு வண்டியை ஏரிக்குள் இறக்கிவிடலாம் போல இருந்தது.

கச்சிராயபாளையத்துக்கு முன்னால் தலையில் துண்டு கட்டிய இளைஞன் ஒருவன் என்னையும் அதையே கேட்டான். "ஜீப் ஓட்டற ஆளு" என்றேன். சிரித்தான். எங்கே போகிறோம் என்று கேட்டான். சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. "எங்க தெருவுல சர்க்கார் வேலையில ஒருத்தன் கெடையாது. நாங்க ரோட்ல உக்காந்துக்கினு இருக்கோம். நீங்க அருவி பாக்கப் போய்க்கினு இருக்கீங்க" என்றான். கேட்பது நியாயம்தான், அதற்கு இந்த மரம் என்ன செய்தது, உன் தாத்தா கட்டை வண்டியை நிறுத்தி இளைப்பாறிய மரம்தானே என்று நானும் சத்தம் போட்டேன். அவன் கத்தவில்லை. வெட்டிய மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னான்: "மரத்த வெட்டுனது தப்புதாங்க. வெட்டலைன்னா, வண்டிய நிறுத்தி உங்களுக்கு இன்னா வேணும்னு எங்கள ஒரு வார்த்த கேட்ருப்பீங்களா?"

இடமில்லை

சாலை கொஞ்சம் திறந்திருந்த ஒரு நாள், அதே வக்கீல் சென்னையில் இருந்து வந்த மைத்துனரோடு மறுபடி வந்தார். ஏறும்போது மேலேயிருந்து ஒரு போலீஸ் ஜீப் இறங்கி வந்தது. வளைவு குறுகல், நான் பின்னால் எடுத்து வழி விட்டேன். மலைப்பாதையிலும் மரம் போடப் போகிறார்கள் என்று வதந்தி, வெளி மாவட்டத்துப் போலீஸ்காரர்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பின்பக்கம் காக்கிகளுக்கு நடுவில் ஒரு தலை தெரிந்தது. என்னைப் பார்த்து ஆட்டியது. சடையன்.

அவர் தழை வைக்கும் வளைவில் கூழாங்கல் மட்டும் கிடந்தது. மரத்தடியில் உண்ணாமலை கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல நாளாகக் குளிர்க்காய்ச்சல். பல் கடகடவென்று அடித்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் சடையன் தழை வைத்திருக்கிறார். இவளை மலையில் தனியாகப் போட்டுவிட்டு அவரை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் போலீஸைத் திட்டத் தொடங்கினேன். அவளோ என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள்: "தழையப் பாத்ததும் டக்குனு நிறுத்துனாங்கக்கா. ஏறட்டுமான்னு இவரு கேக்கக்கூட இல்ல, அவங்களே கையப் புடிச்சி ஏத்திக்கினாங்க. எனக்குத்தான் எடமில்லையாம்."

சாட்சி

உண்ணாமலையை முன்சீட்டில் உட்காரவைத்து, அங்கேயே வண்டியைத் திருப்பினேன். "அருவி?" என்றார் மைத்துனர். நான் கியரைப் போட்டேன். பதில் சொல்லியிருந்தால் அது அச்சில் வராது.

வழியில் மலையடிவாரக் காவல் நிலையத்தில் நிறுத்தினேன். சடையன் சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மேஜைமேல் அந்த ஒரு பிடி தழையைச் சணலால் கட்டி, சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். சாட்சிப் பொருளாம். குற்றம் சாலை மறியல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தழையின் வழக்கம், கூழாங்கல், ஓரமாக நிற்பது, வெளியே ஜீப்பில் நடுங்குகிற பெண். அங்கிருந்த அதிகாரி ஊருக்குப் புதியவர். "முதல்ல தழை, அப்புறம் மரம். எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார். ஒரு ஆடு வந்தால் உங்கள் மறியலையும் சாட்சியையும் சேர்த்துத் தின்றுவிடும் என்றேன். அது உதவவில்லை. கடைசியில் அவர், "யாராவது பெரிய மனுஷங்க சொல்லட்டும், பாக்கலாம்" என்றார்.

வாசலில் ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டுதான் இருந்தார். அதே சடையன் அதே தழையை வைக்கிற படம் அவர் வீட்டில் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் பாத்தது போன தடவை போட்ட தழைம்மா. இந்தத் தழைய நான் பாக்கலையே" என்றார். படித்த வாய். அதைவிடக் கச்சிதமாக ஒரு பொய்யில்லாத பொய்யை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. உண்ணாமலைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இங்கே நின்று சண்டை போடுவதா, அவளைக் கொண்டுபோவதா என்று எனக்குப் புரியவில்லை. அதற்கும் சடையன்தான் வழி சொன்னார்: "அவள இட்டுக்கினு போங்கக்கா. இவங்க அந்தப் பக்கம்தான் போறாங்களாம், நான் இவங்க வண்டியிலயே வந்துடறேன்."

சேற்றில் நடந்தவர்

கள்ளக்குறிச்சி திரும்பும் வழியில் மறுபடி மரம் விழுந்திருந்தது. துண்டு கட்டிய அதே இளைஞன். இந்த முறை யாரும் என்ன ஆள் என்று கேட்கவில்லை. முன்சீட்டில் குறுகிக் கிடந்தவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நாலைந்து பேர் மரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. ஒருவன் மண்வெட்டி எடுத்துவந்து பக்கத்து வயல் வரப்பைச் சரித்தான். "வயலு என்துதான், வுடுங்க வண்டிய" என்றான். நாற்று விட்ட வயல்.

காவல் நிலையத்தில் நழுவிய வக்கீல், "பேஷண்ட் ஆபத்துல இருக்காங்க, நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போறேன்" என்று பின்னாலிருந்து உரக்கச் சொன்னார். என் வாழ்க்கையில் ஒரு மனிதரின் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று நிஜமாகவே கை பரபரத்தது அந்த ஒரு தடவைதான். ஜீப் சேற்றில் இறங்கி உறுமியது. இளைஞன் அவரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னான்: "நீங்க ரெண்டு பேரும் எறங்கி நடந்து வாங்க சார். வெயிட்டு கம்மியா இருந்தாத்தான் தள்ள முடியும்."

மாலை

சடையன் அந்த வண்டியில் கள்ளக்குறிச்சி வரவில்லை. சாலை மறித்தவர்களோடு லாரியில் ஏற்றி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் அலைந்தேன். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். வக்கீல் வீட்டில் ஐயா வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். உள்ளே அவர் இருமுவது கேட்டது. உண்ணாமலைக்கு மலேரியா. பிழைத்துக்கொண்டாள். என் வீட்டில் படுத்திருந்தாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், "அந்த ஜீப்பு இன்னும் திரும்பலையாக்கா?" என்பாள். அது லிஃப்ட் கொடுத்த வண்டி இல்லை என்று நான் சொல்லவேண்டி வந்தது. சொன்ன அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

கடைசியில் போராட்டக்காரர்களை மொத்தமாக விடுதலை செய்தபோது சடையனையும் விட்டார்கள். ஜெயில் வாசலில் கூட்டமாம், வெளியே வந்தவர்களுக்கு எல்லாம் மாலையாம். யாரோ இவர் கழுத்திலும் போட்டு, சோடா கொடுத்து, வாழ்க என்று கத்தியிருக்கிறார்கள். வாடிய செவ்வந்தி மாலையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பாதி ஆளாக இளைத்திருந்தார். உண்ணாமலை அந்த மாலையைக் கழற்றிச் சாக்கடையில் எறிந்தாள். அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு கோபத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னுடையதெல்லாம் அதற்குப் பக்கத்தில் வெறும் படித்த கோபம். உள்ளே அடித்தார்களா என்று கேட்டேன். சடையன் தலையைச் சொறிந்தார். "உள்ள இருந்தவங்க நல்லாத்தான் பாத்துக்கினாங்கக்கா. எல்லாரும் ஒண்ணேதான் கேட்டாங்க, நீ எதுக்காவ போராடுனேன்னு. ஜீப்புக்காவன்னேன்."

அதற்கப்புறம் அந்த வளைவில் யாரும் தழை வைத்ததில்லை. நான் ஓட்டிய காலம் முழுவதிலும் கல்வராயன் மலைப்பாதையை மறித்த குற்றத்துக்காகச் சிறைக்குப் போனவர் ஒரே ஒருவர்தான், அவரும் ஓரமாக நின்றவர்.